தூங்கவைத்த சோறு

காலையில் கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவை மத்தியானம் மூன்று மணிக்குத் திறந்தால் ஒரு வாடை வரும். கெட்டுப்போன வாடை என்று சொல்ல முடியாது, நல்ல வாடை என்றும் சொல்ல முடியாது. தாளித்த கறிவேப்பிலையும் ஸ்டீல் மூடியின் வியர்வையும் லேசான புளிப்பும் கலந்த ஒன்று. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போகிற வீடுகளில் இது தெரிந்திருக்கும். இந்த ஜூன் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தினமும் அந்த வாடை வந்தது. என் மகள் அனு எல்கேஜி படிக்கிறாள். கொடுத்தனுப்பிய சாப்பாட்டில் சரிபாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் திரும்பக் கொண்டுவருவாள். சிந்தியிருக்காது, அளைந்திருக்காது. நடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு பக்கம் காலி, மறு பக்கம் அப்படியே. மூடியை அழுத்தி மூடி, கை துடைக்கிற துண்டால் சுற்றிப் பையின் அடியில் வைத்திருப்பாள்.

அந்த மீதியை நான் என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிங்க் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன். பெரும்பாலான நாள் அதுதான் என் மதியச் சாப்பாடு. கொட்ட மனசு வராது.

மாதக் கடைசியில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். அனு நல்ல பிள்ளை, பாட்டெல்லாம் சொல்கிறாள், யாரையும் கடிப்பதில்லை என்று ஆரம்பித்தார். நல்லதை முதலில் சொல்கிறார்கள் என்றாலே பின்னால் ஏதோ இருக்கிறது. பிறகு விஷயத்துக்கு வந்தார். சாப்பாட்டைப் பாதியில் மூடிவிடுகிறாளாம். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறாளாம். பசிக்கிறதா என்று கேட்டால் பசிக்கிறது என்கிறாளாம். அப்படியானால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தானாம். டீச்சர் கன்னடக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். அந்தப் பதிலை அவள் சொன்னது மாதிரியே சொல்லிக் காட்டினார்.

“‘அப்பால’ன்னு சொல்றா மேடம். எவ்ளோ கேட்டாலும் ‘அப்பால, அப்பால.’ அப்படீன்னா என்ன?”

பிறகு என்று அர்த்தம் என்றேன். வடாற்காட்டுப் பக்கத்துப் பேச்சு அது, எங்கள் அம்மாவின் வார்த்தை. ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் என் வாயிலிருந்து அதைக் கஷ்டப்பட்டு ஒழித்துவிட்டதாக நினைத்திருந்தேன். டீச்சர் குரலைத் தாழ்த்தி, அனு எடை கூடவே இல்லை, வீட்டில் சாப்பாட்டு விஷயத்தில் ஏதாவது கண்டிப்பு உண்டா, மிச்சம் வைக்கப் பழக்குகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். சொல்லிவிட்டு, உண்மையிலேயே இல்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்காகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தூசிக்கு அனுவின் மூக்கைத் துப்பட்டாவால் மூடியபடி நடந்தேன். அவள் கை என் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி எடையில்லாமல் இருந்தது. இது நேற்று வரை தெரியவில்லையே, டீச்சர் சொன்னதும்தானே தெரிகிறது, நான் எப்படிப்பட்ட அம்மா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது.

இன்னொரு பயமும் இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அனு தன் பொம்மைச் சட்டியை என் பழைய துவாலையில் சுற்றி, செருப்பு வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, உதட்டின்மேல் விரல் வைத்து என்னைப் பார்த்தாள். “ஷ்ஷ்… சோறு தூங்குது.” அப்போது சிரித்தேன். டீச்சரைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. என் சிக்கனம் இவளுக்குத் தொற்றிவிட்டது, இவள் அறியாத ஒரு பஞ்சத்துக்காக இவள் வயிற்றை ஒடுக்குகிறாள் என்று தோன்றியது. என் கணவர், எல்லாக் குழந்தையும் இப்படித்தான், அலட்டிக்கொள்ளாதே என்றார். அவர் கரூர்க்காரர். வீட்டில் மாடு இருந்தது. அவருக்குச் சொன்னால் புரியாது என்றில்லை, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சோறு தூங்குகிற கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிறவர். பாறை சரியாமல் இருக்கக் கட்டைகளை நிறுத்தி முட்டுக்கொடுக்கிற வேலை. சம்பளம் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தபோது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்தார். கீழே பாறைக்கு முட்டுக்கொடுத்தவர் மேலே கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கிற சென்ட்ரிங் ஆள் ஆனார். “அதே வேலதான், வெளிச்சம் மட்டும் எக்ஸ்ட்ரா” என்பார். கொஞ்ச காலம் விடிகாலை ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தார். ரயிலிலேயே பாதி உயிர் போகிறது என்று, அம்மா, நான், தம்பி எல்லோரையும் கூட்டிக்கொண்டு நீலசந்திராவில் ஓர் ஓட்டு வீட்டில் ஒற்றை அறை பிடித்தார். 1991. எனக்கு ஒன்பது வயது.

தங்கவயலில் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் அடுப்பு எரிப்பதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. சுரங்கத்தில் கழித்துப்போட்ட மரத்துண்டுகள் விறகாகக் கிடைக்கும். இங்கே விறகு எரித்தால் ஓடு கறுத்துவிடும் என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். ரேஷன் கார்டு இன்னும் தங்கவயலிலேயே இருந்ததால் ரேஷனில் எண்ணெய் கிடையாது. வெளியில் வாங்கவேண்டும், அதுவும் அவர்கள் சொல்கிற விலைக்கு. அம்மா அதைக் கிருஷ்ணாயில் என்பாள். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, “கிருஷ்ணாயிலு எறங்கிப்புட்ச்சி” என்று அவள் சொன்னால் அன்றைக்குக் குழம்பு கிடையாது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெட்டிக்கு வேலை வந்தது. கெட்டியான மரப்பெட்டி. சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த பெட்டி. காலியானதும் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துவருவார்கள். எங்கள் லைனில் பெட்டி இல்லாத வீடே கிடையாது. அதன்மேல் உட்கார்ந்து படிப்போம், அதற்குள் துணி வைப்போம். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தையே அதில் தூங்கி வளர்ந்தது. பெங்களூருக்கு வரும்போது தட்டுமுட்டுச் சாமான்களை அதில் அடைத்துக்கொண்டு வந்தோம்.

அம்மா ஒரு கார்மென்ட் கம்பெனியில் பட்டன் துளை தைக்கிற காஜா வேலைக்குப் போனாள். அங்கே வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை மூட்டையாக விற்பார்கள். அவற்றை வாங்கிவந்து பழைய பாவாடைகளில் திணித்துத் தலையணை மாதிரி தைத்து, பெட்டியின் அடியிலும் நாலு பக்கமும் அடைத்தாள். சோறு ஒரு கொதி வந்ததும் ஸ்டவ்வை அணைத்துவிடுவாள். அரிசி அப்போது வெளியே மென்மையாகவும் உள்ளே கல்லாகவும் இருக்கும். அப்படியே பாத்திரத்தைக் கறுப்புக் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி, மேலே இன்னொரு தலையணை வைத்து மூடிவிடுவாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பூப்போல வெந்திருக்கும். இந்த வித்தையை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, கம்பளிக்குள்ளே மனுசன் சூடாக இருக்கிறானே, சோறு ஏன் இருக்காது என்று தோன்றியதாம்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. பெட்டியைத் தட்டுவான், பசிக்குது திற என்று அழுவான். அவனை அடக்கத்தான் அம்மா சொல்வாள், “ஷ்ஷ்… சோறு தூங்குதுடா. எழுப்புனா அழும்.” அவனும் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

எங்களுக்குத் தோன்றாத ஒன்று இருந்தது. அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக, ஆங்கிலத்தில் ‘டேஞ்சர்’ என்றும் அதன் கீழே ‘எக்ஸ்ப்ளோசிவ்ஸ்’ என்றும் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெரிய ஆங்கில வார்த்தை அதுதான். ஆனால் தங்கவயலில் அந்த எழுத்தைப் பார்த்து யாரும் எதையும் நினைக்கமாட்டார்கள். உங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் படம் இருக்கிற மாதிரிதான் அது.

அந்த வருஷம் பெங்களூரில் தமிழ்க் குடித்தனங்களைப் பற்றிப் போலீஸ் வீடுவீடாக விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் நடந்த வெடிகுண்டுக் கொலைதான் காரணம் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ரேடியோவில் தமிழ்ப் பாட்டு வந்தால் அம்மா சத்தத்தைக் குறைப்பாள் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்கார அம்மா ஜெயம்மாவும் காலேஜில் படிக்கும் அவர் மகனும் தண்ணீர்க் குழாய் விஷயமாக எங்கள் அறைக்கு வந்தார்கள். வழக்கமாகச் சுவரைப் பார்த்திருக்கும் எழுத்துப் பக்கம் அன்றைக்கு வெளியே பார்த்திருந்தது. காலையில் வீடு கழுவியபோது பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டோம். ஜெயம்மாவின் மகன் எழுத்தைப் படித்தான். எங்களைப் பார்த்தான். மெதுவாகப் போய்ப் பெட்டியின்மேல் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். பெட்டி சூடாக இருந்தது.

அடுத்து என்ன நடந்தது என்பது வரிசையாக ஞாபகமில்லை. அவன் தெருமுனைக்கு ஓடிப்போய் அங்கே நின்றிருந்த போலீஸ்காரரைக் கூட்டிவந்தான். வாசலில் கூட்டம் சேர்ந்தது. ஜெயம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும். பயத்தில் கன்னடமும் தமிழும் ஒன்றாக வந்தன.

“ஏனம்மா இது? மரப்பெட்டி ஏன் சுடுது? நம்ம மனேல இதெல்லாம் பேடா. இப்பவே காலி பண்ணுங்க.”

வேண்டாம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்பது எனக்கே புரிந்தது. அப்பா வெளியே பீடி வாங்கப் போயிருந்தார். அம்மாவுக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்கவில்லை. பெட்டியில் எழுதியிருப்பதை அவளால் படிக்க முடியாது. சோறு வைத்ததற்கு ஏன் போலீஸ் வருகிறது என்று அவள் முகம் கேட்டது. போலீஸ்காரர் லத்தியால் பெட்டியைத் தொடாமல் சுட்டிக்காட்டி, உள்ளே என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

“சோறு தூங்குது” என்றான் தம்பி.

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா போய் மூடியைத் தூக்கினாள். வாசலில் இருந்த கூட்டம் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்து ஒருவர் காலை ஒருவர் மிதித்தது. தலையணையை எடுத்தாள், கம்பளியைப் பிரித்தாள், பாத்திர மூடியைத் திறந்தாள். ஆவி குபுகுபுவென்று வந்து ஓட்டைத் தொட்டது. வெந்த அரிசி வாசனை. அப்போதுதான் அப்பா வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, எழுத்தைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சார், இது தங்கவயலு பொட்டி சார். எங்க ஊர்ல ஊட்டுக்கு ஊடு கீது. நானே இத்துமேல குந்திதான் கண்ணாலம் கட்டிக்கினேன்.”

முதலில் சிரித்தது போலீஸ்காரர்தான். பிறகு ஜெயம்மாவின் மகன். ஜெயம்மா சிரிக்கவில்லை. ஆனால் பாத்திரத்தின் அருகே குனிந்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, எவ்வளவு நேரம் ஸ்டவ் எரிந்தது என்று அம்மாவிடம் கேட்டார். ஒரு கொதி மட்டும்தான் என்றதும் அவர் கண் விரிந்தது. வீட்டைக் காலி செய்யும் பேச்சு அந்த இடத்தில் நின்றது. எழுத்தின்மேல் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்பது மட்டும் கட்டளை.

அம்மா அவர்களைச் சும்மா அனுப்பவில்லை. கருவாட்டுக் குழம்பு இருந்தது. பயம் தெளிந்த கையோடு தட்டுகளை எடுத்துப் போட்டாள். போலீஸ்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். ஜெயம்மாவின் மகனும் உட்கார்ந்தான். அப்பாவுக்கும் எங்களுக்கும் போட்டாள். நாலு பேருக்கு வைத்த சோறு. நான் சாப்பிட்டுக்கொண்டே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி அடியில் படுகிற சத்தம் கேட்டது. நீயும் உட்கார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

“நான் அப்பால சாப்புட்டுக்கறேன். நீங்க துன்னுங்க.”

எல்லோரும் போனபின், பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருந்ததைக் கரைத்து, உப்புப் போட்டு, நின்றபடியே குடித்தாள். நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு என்று இல்லை, அவள் எங்களோடு உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிட்ட ஞாபகமே எனக்கு இல்லை. எப்போதும் அப்பாலதான். அந்த அப்பாலவில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. அதன் பிறகு கொஞ்ச நாள் நான் சோற்றைக் குறைத்துக்கொண்டு, பசியில்லை என்று சொல்லி ஒரு கை தள்ளிவைப்பேன். அம்மா அதைத் தம்பி தட்டில் போட்டுவிடுவாள்.

பெட்டிக்கு அப்பா சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய காவிப் பெயின்டை அடித்தார். அடுத்த மாதம் ஜெயம்மா ஒரு துணி மூடிய பாத்திரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். அவர் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புதியது எப்போது வரும் என்று தெரியவில்லை. அவரைக்காய்ப் பருவம் அது. உரித்த அவரைப் பருப்பைக் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“இதையும் கொஞ்சம் மலகிசு” என்றார். கன்னடத்தில் தூங்கவை என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். அன்றைக்கு எங்கள் சோறும் அவர் பருப்பும் ஒரே கம்பளிக்குள் தூங்கின. அந்த வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தோம். காலி பண்ணு என்ற பேச்சு பிறகு வரவே இல்லை.

படித்தேன், பி.காம் முடித்தேன், ராத்திரி ஷிஃப்ட் இல்லாத ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. கேப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆபீஸில் சாப்பாடு இலவசம். வாழ்க்கையில் முதல்முறையாக என் தட்டில் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதி சாப்பிட்டுவிட்டு, இரண்டு சப்பாத்தியை டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தேன். பக்கத்து சீட் மேரி பார்த்துவிட்டாள். “யாருக்குப்பா, கேப் டிரைவருக்கா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்காக ஒரு நாள் நிஜமாகவே டிரைவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் சர்க்கரை வியாதிக்காரர், சப்பாத்தியைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டு, தினமும் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இந்த அபார்ட்மென்ட்டுக்கு வந்தேன். அனு பிறந்ததும் வேலையை விட்டேன். கணவர் ஒரு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்கித் தந்தார். நன்றாக இருக்கிறது, கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்திருக்கிறேன். சோற்றை ஒரு கொதியில் இறக்கி, துவாலையில் சுற்றி, ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கிறேன். எங்கள் சிலிண்டர் எவ்வளவு நாள் வரும் என்றால், சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருமுறை, ஊரிலேயே இல்லையா அக்கா என்று கேட்டார். கணவர் அலுவலக நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், “பொறுங்க, எங்க வீட்ல சோறு தூங்கி எழுந்து பல்லு வெளக்கிட்டுதான் வரும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றும், வெட்கமாகவும் இருக்கும்.

ஆனால் அனுவை எந்தக் குறையும் இல்லாமல் வளர்க்க வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். பால், பழம், முட்டை, பாதாம். கணவருக்கு நல்ல சாப்பாடு. எனக்கு? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. மிஞ்சுவதைச் சாப்பிட்டேன். அதில் எந்தத் துக்கமும் இல்லை. காலையில் மிஞ்சிய தோசை விளிம்பு, அனு கடித்து வைத்த ஆப்பிள், டிபன் டப்பாவின் பாதி.

டீச்சரைப் பார்த்த அன்று இரவு சாப்பாட்டிலும் அனு பாதியோடு எழுந்தாள். நான் கொஞ்சினேன், மிரட்டினேன், பிறகு மிரட்டியதற்காகக் கொஞ்சினேன். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை, டானிக் எதுவும் வேண்டாம் என்றார். டானிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துவாலையையும் தெர்மாகோல் பெட்டியையும் ஒளித்துவைத்தேன். பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். அன்றைக்கும் டப்பாவில் பாதி வந்தது.

அடுத்த நாள் மூன்றரை மணி இருக்கும். அனு யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்றிருந்தேன். அம்மா போன் செய்தாள். அப்பா இறந்தபின் அவள் தம்பியோடு தொம்மலூரில் இருக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் உன்னிடமிருந்து எனக்கு வந்து என்னிடமிருந்து இவளுக்குப் போய்விட்டது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

“நீ மட்டும் இன்னா ஒழுங்கா துன்னுக்கினா இருந்த? உன் பங்க உன் தம்பிதான் துன்னு வளந்தான். இப்ப பாரு, படிக்கட்டு ஏற மூச்சு வாங்கறான்.” சிரித்துவிட்டுக் கேட்டாள், “மணி இன்னா ஆச்சு, நீ சாப்ட்டியா?”

“நான் அப்பால சாப்புட்டுக்கறேன்மா.”

சொன்னது எனக்கே தெரியாது. வாய் சொன்னது. ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு அனு சமையலறைக்கு வந்தாள். ஸ்கூல் பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். துண்டைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு, டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

“இந்தாம்மா. சோறு எந்திரிச்சிடுச்சு. சாப்பிடு.”

இது உன் சாப்பாடு, நீதான் சாப்பிடணும் என்றேன்.

“என்னோடத சாப்ட்டுட்டேன். இது உன்னோடது. நீ இதானே சாப்பிடுவே? நான் ஃபுல்லா சாப்ட்டா உனக்கு இருக்காதே.”

போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, சத்தத்தையே காணோம். கொழந்த இன்னா சொல்லுது?”

“ஒண்ணுமில்லம்மா. சாப்புடச் சொல்றா.”

“நல்லதுதான சொல்லுது. குந்திச் சாப்புடு.”

“நீ சாப்ட்டியாம்மா?”

தம்பி வீட்டு டிவி சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு “ம்” என்றாள். அந்த ‘ம்’மை நான் நம்பவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுகிறேன், தட்டில் போட்டுக்கொண்டு உட்கார் என்றேன். உன் புள்ளைய மெரட்டறத என்கிட்ட காட்டாத என்றாள். ஆனால் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

நான் தரையில் உட்கார்ந்தேன். அனுவின் பாதிச் சோற்றில் பாதியை அவளுக்கு ஊட்டினேன், பாதியை நான் சாப்பிட்டேன். பிறகு குக்கரிலிருந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். வாயில் ருசியே தெரியவில்லை. பட்டினி கிடந்தவளுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டமாதிரி ஒவ்வொரு வாயையும் அனு எண்ணுகிற பார்வையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது காலையில் இரண்டு டப்பா கட்டுகிறேன். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. முதல் வாரம் அவளுக்கு நம்பிக்கை இல்லை. என் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள். ஒளித்துவைத்த துவாலையைத் திரும்ப எடுத்துவிட்டேன். என் டப்பாவை அதில் சுற்றுவது அவள் வேலை. சுற்றி முடித்து அதன்மேல் காதை வைத்துக் கேட்கிறாள், தம்பி பெட்டியில் காது வைத்த அதே மாதிரி. என் தம்பியை அந்த வயதில் அவள் பார்த்ததில்லை, பெட்டியையும் பார்த்ததில்லை. குக்கர் மறுபடி பரணுக்குப் போய்விட்டது. சோற்றைத் தூங்கவைப்பதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள என்னால் ஆகாது.

நீலசந்திரா வீட்டை ஜெயம்மாவின் மகன் இடித்து நாலு மாடி கட்டிவிட்டான். ஜெயம்மா இல்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற சமயத்தில் பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. தூக்கிப் போட அப்பாவுக்கு மனமில்லை. உடைத்துப் பிளந்து, புது வீட்டு வாசலில் செங்கல் வைத்து, எங்கள் எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் போட்டார். பெயின்ட் பொரிந்து கழன்றபோது அடியிலிருந்த ஆங்கில எழுத்து ஒரு கணம் தெரிந்து பிறகு எரிந்தது. ஆணிகளை மட்டும் சாம்பலிலிருந்து பொறுக்கி, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி எடுத்து வைத்தார். அதில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஆணி அடிக்கக்கூடாது என்று அபார்ட்மென்ட் ஓனர் சொல்லியும், கதவுக்குப் பின்னால் அடித்து, அனுவின் ஸ்கூல் பையை அதில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று மூன்று மணிக்கு அந்த ஆணியிலிருந்து பையை எடுத்தேன். கனமில்லை. டப்பாவைத் திறந்து, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் ஸ்டீல் வாடைதான் இருந்தது.